மணி பார்க்கத் தெரியாத மாமா

எங்கள் வீட்டில் எது நின்றுபோனாலும் பழி அம்மாவின் பிறந்த வீட்டுக்குத்தான் போகும். காற்றாடி சுற்றாமல் நின்றால், துணி துவைக்கும் மெஷின் பாதியில் நின்றால், சிம்பாங் ரெங்கம் டோல் சாவடிக்குப் போகும் வழியில் கார் இருமிக்கொண்டு நின்றால், அப்பா அம்மாவைப் பார்த்து ஒரே வசனத்தைத்தான் சொல்வார். "உங்க வீட்டு வாட்ச் மாதிரியே நின்னுபோச்சு பாத்தியா?"

அப்பாவின் நிச்சயதார்த்தத்துக்கு அம்மா வீட்டார் போட்ட கைக்கடிகாரம் ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டதாம். அதைக் கடைக்குக் கொண்டுபோய் ஒரு பேட்டரி மாற்றிப் பார்த்ததும் இல்லை. அப்பா கெட்டவர் இல்லை. அது அவருக்கு ஒரு வேடிக்கை, எங்களுக்கும்தான். நான் சிரிப்பேன். அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்த என் அத்தை, என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். அம்மா அடுப்பில் இருப்பதைக் கிண்டிக்கொண்டிருப்பாள்.

எனக்கு எட்டு வயதானபோது அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்தது. அத்தை லாயாங் லாயாங்கில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு வீடு தெப்ராவில், வேலை சிங்கப்பூரில் ஒரு கிடங்கில். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டியபின் திரும்பி வருகிறவர். பெண் பார்க்க வந்த அன்று, ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் பார்த்து முடித்துவிட்டார்கள். அத்தை அவர் முகத்தைவிட அவர் கையிலிருந்த கோப்பையைத்தான் அதிகம் பார்த்திருப்பாள்.

எங்களில் நிச்சயத் தட்டோடு மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம் வைப்பது வழக்கம். பெண்ணின் அண்ணன் எழுந்துபோய் எல்லோர் முன்னிலையிலும் அதை மாப்பிள்ளையின் கையில் கட்டிவிட வேண்டும். கட்டப்போவது தாம் என்பதால், எடுக்கப்போவதும் தாமே என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஒரு சனிக்கிழமை தெப்ராவில் உள்ள பேரங்காடிக்கு நால்வரும் போனோம்.

அப்பா கைக்கடிகாரம் வாங்கும் முறை தனி. நேரத்தைப் பார்க்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து, மீன் வாங்குகிறவர் மாதிரி எடை பார்ப்பார். வட்டமாக, தங்க நிறமாக, கனமாக இருந்தால் நல்ல சரக்கு. அப்படி ஒரு பெட்டி நிறைய இருந்ததைக் கண்டு அவர் அங்கேயே தங்கிவிட்டார். அத்தை மெல்ல நகர்ந்து கடைக் கோடியில் இருந்த இன்னொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நின்றாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.

அந்தப் பெட்டியில் இருந்தவை எல்லாம் சதுரம். ஒரு பிஸ்கட்டின் கனம்கூட இல்லாத சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். மஞ்சள், ஆரஞ்சு, வானநீலம், ரோஜா, வெற்றிலைப் பச்சை. முகப்பு என்ன நிறமோ வாரும் அதே நிறம். எண்கள் கிடையாது, எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகள்தாம். ஓடிக்கொண்டே இருக்கும் நொடிமுள்ளும் கிடையாது. கடைக்காரப் பெண் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். முதுகிலும் கண்ணாடி! உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்க, ஒரு சின்ன வளையம் மூச்சு வாங்குவது போல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு ஆரஞ்சு நிறத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. வாங்கப்போவது எனக்கல்ல என்பதே மறந்துபோனது.

அத்தை ஒவ்வொன்றாகத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். மூலை மணிக்கட்டில் குத்துகிறதா என்று கையை மடக்கினாள். சட்டைக் கைக்குள் நுழைகிறதா என்று பார்க்க, அந்தப் பக்கம் போய் அப்பாவின் முழுக்கைச் சட்டையைக் கொஞ்சம் இழுத்து அதனுள் விட்டுப் பார்த்தாள். அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, சோப்பு டப்பா மாதிரி? வாட்ச்னா ரவுண்டா இருக்கணும் லா" என்றார்.

"அவரு கை மெலிசு அண்ணே. நீங்க எடுக்குற சைஸ கட்டினா வளையல் மாதிரி சுத்தும்."

கறுப்பைத் தட்டில் வைக்கக் கூடாது என்று அம்மா சொன்னாள். கருநீலம் மண்டப வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும் என்று அதையும் விலக்கினாள். கடைசியில் வெற்றிலைப் பச்சை நின்றது. வெற்றிலையோடு வைக்கப்போவதுதானே என்று அப்பாவும் இறங்கி வந்தார். அவரை முழுதாக மடக்கியது விலைதான். அவ்வளவு விலை சொல்லும் பொருள் மட்டமாக இருக்காது என்பது அவர் கணக்கு.

ஒன்றை மட்டும் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் கைக்கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. பக்கத்தில் இருக்கும் குமிழைத் தினமும் காலையில் திருகிச் சாவி கொடுக்க வேண்டும், மறந்தால் மறுநாள் நின்றுவிடும் என்று கடைக்காரப் பெண் மலாயில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள். அத்தையும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஆரஞ்சு நிறத்தோடு இருந்தேன். அன்று இரவு சமையலறையில் அவர்கள் பேசிக்கொண்டதை அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகு.

"சாவி குடுக்கணும்னு நான் அவருகிட்ட சொல்லப்போறதில்ல அண்ணி."

"அலமாக்! நின்னுடுமே."

"நிக்கட்டும். நின்னா அவரு என்ன பேசுறாருன்னு பாக்கணும். உங்க வீட்டு வாட்ச் நின்னுபோச்சுன்னு அவரும் ஆரம்பிச்சாருன்னா, இந்தக் கல்யாணம் வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்."

"ஒரு வாட்ச்சுக்காகவா?"

"வாட்ச்சுக்காக இல்ல. இத்தன வருஷம் நானும்தான அண்ணி சிரிச்சேன்."



அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடந்தது. தட்டுகள் ஒற்றைப்படையாக வரிசையில் இருந்தன. காலையில் அத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குமிழைத் திருகிவிட்டுத்தான் பெட்டியைத் தட்டில் வைத்தாள். மாப்பிள்ளை தம் கையிலிருந்த பெரிய ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையை நீட்ட, அப்பா பச்சைச் சதுரத்தைக் கட்டிவிட்டார். பின்னால் நின்ற யாரோ, "மாப்ள ஸ்டைலா இருக்காரு" என்றார்கள். எண்ணம் தம்முடையதுதான் என்பது போல் அப்பா தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு வந்த வாரம் முழுக்க அத்தை கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். புதன்கிழமை அவளே கேட்டுவிட்டாள், வாட்ச் எப்படி இருக்கிறது என்று. பதில் உடனே வந்தது. சூப்பர், நல்லா ஓடுது.

"ஓடுதாம் அண்ணி" என்று கைப்பேசியை அம்மாவிடம் காட்டினாள். "எப்பவோ நின்னிருக்கும்."

"கட்டியே இருக்க மாட்டாரு. பச்சை பிடிக்கல போல."

"அப்ப பொய் சொல்றாரு."

அந்த ஞாயிறு மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் கல்யாணத் தேதி பேச வருவதாக இருந்தது. அவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், அன்று மாலையே அண்ணனிடம் பேசிவிடுகிறேன் என்று அத்தை சொன்னாள். என்ன பேசப்போகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா அந்த இரண்டு மூன்று நாளும் சாம்பாரில் உப்புப் போட மறந்தாள், அப்பா கேட்டதற்கு உப்பு விலை ஏறிவிட்டது என்றாள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. எனக்கிருந்த கவலை வேறு. அந்த வாரம்தான் பள்ளியில் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அட்டையில் வெட்டிய கடிகாரத்தின் முள்ளைத் திருப்பித் திருப்பி டீச்சர் கேட்பார். நான் முந்திக்கொண்டு சொல்வேன். என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு அது வரவே வராது. அவள் அட்டையை உற்றுப் பார்ப்பது போல் பாவனை செய்துவிட்டு, என் புத்தகத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பதில் சொல்வாள். அப்போது அவள் காது சிவந்துபோகும். கற்றுக்கொண்ட கர்வத்தில் நான் வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் மணி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் சொல்வது சரியா என்று பார்த்து மதிப்பெண் போடாத குறைதான்.

ஞாயிறன்று மாப்பிள்ளை மாமா ஹாலில் வந்து உட்கார்ந்ததும் நான் போய் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். கையில் பச்சைச் சதுரம் இருந்தது. எதிரில் அப்பா, அடுத்த நாற்காலியில் மாமாவின் அம்மா. நான் கேட்டேன். "மணி என்ன மாமா?"

மாமா கையைத் திருப்பி முகப்பைப் பார்த்தார். பிறகு அவர் கண் மெல்ல நழுவி, தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த டிகோடர் பெட்டியில் பச்சை எண்களில் தெரிந்த மணிக்குப் போனது. "பதினொன்னே முக்காம்மா" என்றார்.

நான் அவர் கையைப் பார்த்தேன். குட்டை முள் நான்கைக் கொஞ்சம் தாண்டி இருந்தது. நீள முள் இரண்டில். நாலு பத்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். மாமாவின் காது சிவந்திருந்தது.

அப்போது அவர் அம்மா குனிந்து, "வாட்ச் நல்லா ஓடுதாப்பா? நம்ம மூத்த மருமக வீட்ல போட்டது ஒரே வாரத்துல நின்னுபோச்சே. இன்னும் அப்படியேதான் கெடக்குது" என்றார்.

மாமா மற்றக் கையை எடுத்து அந்தச் சதுரத்தின்மேல் வைத்துக்கொண்டார். "நல்லா ஓடுதும்மா. ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல."

"நம்ம வீட்டு வாட்ச் நிக்காதுங்க" என்றார் அப்பா. "நானே பாத்து எடுத்தது."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் மாமா என்னைப் பார்த்தார். கெஞ்சுவது போன்ற ஒரு பார்வை. என் பக்கத்து இருக்கைப் பெண் டீச்சரிடம் மாட்டிக்கொள்ளும்போது என்னைப் பார்ப்பாளே, அதே பார்வை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. எழுந்து சமையலறைக்கு ஓடினேன்.

அத்தை தட்டில் வடையை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னேன். "அத்தை, மாமாவுக்கு மணி பாக்கத் தெரியல. நம்பர் இருந்தாத்தான் தெரியும் போல."

"என்னடி சொல்ற?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். நாலு பத்தைச் சொன்னேன், டிகோடரைச் சொன்னேன், மூத்த மருமகள் வீட்டு வாட்ச்சைச் சொன்னேன். அத்தை என்னை உலுக்கி, மறுபடி சொல்லச் சொன்னாள். கையில் கட்டியிருந்தாரா? நிச்சயமாக அதேதானா? அவர் அம்மா கேட்டபோது சரியாக என்ன சொன்னார்? நான் மாமாவைப் போலவே கையின்மேல் கை வைத்துக் காட்டி, "ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்ல" என்றேன்.

அத்தை அரிசி டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மணி பார்க்கத் தெரியாத ஒருவருக்குக் கழுத்தை நீட்டப்போகிறோம் என்று தெரிந்தும் ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா? எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. அம்மா சிரிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, கழுவிவைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் நாட்காட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு தேதி பார்க்கத் தொடங்கினார்கள். மாமா காரிலிருந்து எதையோ எடுக்க வெளியே போனார். தண்ணீர்ச் செம்போடு அத்தையும் போனாள். நானும் அம்மாவும் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தோம். அத்தை கை நீட்டிக் கேட்டாள். மாமா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அவள் விடவில்லை. அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, பச்சைச் சதுரத்தின் பக்கத்தில் இருந்த குமிழை இரண்டு விரலால் மெல்லத் திருகினாள். திருகிக்கொண்டே ஏதோ சொன்னாள். மாமா பள்ளிப் பிள்ளையைப் போலக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையை அவர் காதருகிலேயே வைத்துக் காட்டினாள். மாமாவின் முகம் மலர்ந்துபோயிற்று.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தை எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள், கல்யாணத்துக்குள் மாமா தேறிவிடுவார் என்று நினைத்தேன்.

"இவ்ளோ பெரிய ஆளுக்கு இப்பத்தான் சொல்லிக் குடுக்குறாங்க பாத்தியாம்மா" என்றேன்.

அம்மா சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கப்பாவுக்கும் யாராச்சும் அப்பவே சொல்லிக் குடுத்திருக்கலாம்" என்றாள்.

"அப்பாவுக்குத்தான் நல்லா மணி பாக்கத் தெரியுமேம்மா" என்றேன் நான்.