அம்மாவின் உதட்டுக் கொப்புளம்

தம்பி பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில் அம்மாவின் கீழுதட்டோரம் கொப்புளம் கிளம்பியது. பிரசவ விடுப்பு முடிந்து, பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலை வேலைக்கு அப்போதுதான் திரும்பியிருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே உதட்டைத் தொட்டுப் பார்த்து, "மறுபடியும் வந்துருச்சு" என்றார். கொடியில் துணி காயும்போது மழை பிடித்துக்கொண்டதைச் சொல்வது போன்ற அலுப்பு அந்தக் குரலில்.

வீட்டில் எல்லோரும் வைத்தியரானோம். அப்பா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அது கொஞ்சம் இதமாக இருந்ததாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த அத்தை தேன் தடவினார். பற்பசை வைத்தால் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று பள்ளியில் யாரோ சொன்னதை நம்பி நானும் பற்பசையோடு போனேன். மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் அம்மா முகத்தைக் காட்டினார். தடவியதும் எரிச்சலில் அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மறுநாள் கொப்புளம் இரண்டாகியிருந்தது.

கிளினிக்கில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். உதடு குறுகுறுக்கும்போதே வந்திருந்தால் சீக்கிரம் அடங்கியிருக்கும் என்றார் தாதி. புண் முழுக்க ஆறும்வரை குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது, பச்சைப்பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து கையைக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் அம்மா பால் கொடுத்தார். அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"ஏம்மா, பெத்த புள்ளைக்கு ஒரு முத்தம் குடுத்தா என்னா ஆயிடப் போவுது?"

"வேணாம் அண்ணி. ஆயிருச்சுன்னா?"

அதற்குமேல் வாதாட அம்மாவால் முடியவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, மூஞ்சி கழுவிட்டு வா. எனக்காக நீ தம்பி கால்ல ஒரு முத்தம் குடு."

கொடுத்தேன்.

"இன்னொன்னு குடுலா."

வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வந்ததும் இது நடந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கோ பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்ட பெருமை.

பொருக்கு உதிர்ந்து தோல் பழையபடி ஆனபின், ஒரு காலை, சீருடையைக்கூட மாற்றாமல் அம்மா தம்பியை அள்ளிக்கொண்டார். உச்சி, உள்ளங்கை, வயிறு என்று முத்தமிட்டுக்கொண்டே சோபாவில் சாய்ந்தவருக்கு, அத்தை பிள்ளையை வாங்கிக்கொண்டதுகூடத் தெரியாமல் கண் சொருகியது. என் உத்தியோகம் பறிபோன கோபத்தில் நான் அவரை உலுக்கினேன்.

"அம்மா, நான்தானே குடுக்கணும்!"

"சரி, குடு" என்று கண்ணைத் திறக்காமலே கன்னத்தை என் பக்கம் திருப்பினார்.

நான் அத்தையிடம் ஓடி, தம்பியின் காலில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அந்தக் கன்னம் எதற்காகத் திரும்பியது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.