லடாக் பனிச்சிறுத்தை: போனது இரண்டு பேர், பார்த்தது ஒருவர்

லடாக்கில் பனிச்சிறுத்தை பார்க்க எப்போது போகலாம், எவ்வளவு ஆகும் என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நாங்கள் போனது 2007 பிப்ரவரியில். இதில் வரும் விலையெல்லாம் அந்தக் காலத்து விலை. படித்துப் பெருமூச்சு விடுங்கள், நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

ஆசை என்னுடையதல்ல, என் வீட்டுக்காரருடையது. 1989இல் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், நாலு மேசை போட்டு டிபன் கடை திறந்தோம். அந்த வருடம் வந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குக் கிளம்பும்போது காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். பாறை மேல் ஒரு பனிச்சிறுத்தை. இவர் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்துப் பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தார். சாமி படத்துப் பூவில் ஒரு துணுக்கு அதற்கும் போகும். "சாவறதுக்குள்ள இத ஒரு தடவ கண்ணால பாத்துடணும் வசந்தா" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். அவருடைய ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி மலையேற்றம் ஆகாது என்று டாக்டர் சொன்னார். மறுநாளே மனிதர் டிக்கெட் எடுக்க ஓடினார்.

சென்னைக்கு பஸ் ஐந்து மணி நேரம், டில்லிக்கு ரயில் முப்பத்துநாலு மணி நேரம், அங்கிருந்து லேவுக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரம். லே பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும். இவர் கேட்கவில்லை. கடைவீதி பார்க்கப் போய், தலைவலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மூன்றாம் நாள் ஜீப்பில் ஜிங்சென் போனோம். ஒன்றரை மணி நேரம், ஆயிரத்து இருநூறு ரூபாய். அதற்கு மேல் ரும்பக் கிராமத்துக்கு நடைதான். மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம், எங்களுக்கு ஐந்து. ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கல், மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு முந்நூற்றைம்பது. வழிகாட்டி நம்க்யாலுக்கு நாளுக்கு எண்ணூறு. அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இங்கிலீஷ் மட்டுமே.

காலை ஏழு மணிக்கு ஒரு மேட்டில் போய் உட்கார்ந்தால் மாலை நாலுக்குத்தான் எழுந்திருப்போம். நம்க்யால் முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியால் எதிர்ச்சரிவை அங்குலம் அங்குலமாகத் தேடுவார். ஒரு நாள் கால்தடம் காட்டினார், ஒரு நாள் பாறையில் நகம் கீறிய இடம். ஆறு நாளாகியும் வேறு ஒன்றுமில்லை. ஆனால் கடை திறந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் சும்மா உட்கார்ந்ததே கிடையாது. ஒரே கம்பளிக்குள் பருப்புப்பொடிச் சோறு சாப்பிட்டோம். கல்யாணமான புதிதில் பேசாததையெல்லாம் அங்கே பேசினோம். அந்த ஆறு நாளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

மேட்டில் உட்கார ஆரம்பித்த ஏழாம் நாள்தான் கடைசி நாள். பதினொன்று இருபதுக்கு நம்க்யால் மூச்சு விடாமல் கையை ஆட்டினார். இவருக்கு முழங்கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. "நீ மொதல்ல பாரு, நான் மெதுவா வரேன்" என்றார்.

பார்த்தேன். முதலில் வெறும் பாறை. பிறகு பாறையில் ஒரு பகுதி கண்ணைத் திறந்தது. சாம்பல் வெள்ளை உடம்பு, மை கசிந்தது போன்ற புள்ளிகள். உடம்பளவு நீளமான வாலைச் சுருட்டி முகத்தருகே வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

நான் பிறந்தது அடி அண்ணாமலையில். கார்த்திகை தீபத்தன்று மாலை மலையைப் பார்த்தபடி ஊரே நிற்கும். உச்சியில் சுடர் தெரிந்த நொடியில் கை தானாக மேலே போகும், வாய் தானாகக் கத்தும். விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பழக்கம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "அரோகரா!"

பள்ளத்தாக்கு முழுக்க எதிரொலித்தது. சிறுத்தை எழுந்தது, ஒரு பார்வை பார்த்தது, நாலே எட்டில் முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. இவர் நொண்டிக்கொண்டு வந்து கண்ணை வைத்தபோது வெறும் பாறைதான் இருந்தது. கண்ணை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே நின்றார். நான் அழுதேன். நாலு மணி வரை காத்திருந்தும் அது திரும்பவில்லை.

மறுநாள் ஜிங்சென் வரை நடந்து இறங்கினோம். ஜீப்பில் ஏறியதும் கேட்டார்: "வாலு எவ்ளோ நீட்டு இருந்துச்சி?" சொன்னேன். காது எப்படி, எந்தக் காலை முதலில் வைத்தது, திரும்பிப் பார்த்தபோது வாய் திறந்திருந்ததா என்று லே வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச்தான் சரியான காலம். பத்து நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் மைனஸ் இருபது வரை போகும், கம்பளி ஜாஸ்தியாகவே எடுத்துப் போங்கள். முழங்கால் நன்றாக இருக்கும்போதே போய்விடுங்கள். வாயைப் பொத்திக்கொண்டு பாருங்கள்.

ஊர் திரும்பிப் பத்து நாள் இருக்கும். வேலூரிலிருந்து வந்த ஒரு தம்பதி கடையில் அவரிடம் பயணத்தைப் பற்றி விசாரித்தார்கள். நான் தோசைக்கல்லருகே நின்றிருந்தேன். "இத்தா நீட்டு வாலுங்க, மூஞ்சிகிட்ட சுருட்டி வெச்சிருந்துச்சி" என்று கையை விரித்துக் காட்டினார். நான் சொன்ன வார்த்தைகளேதான். பார்த்ததாகவே சொல்லிக்கொள்ளட்டும், அவர் பட்ட ஆசைக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. "பாத்தவொடனே ஒடம்பு புல்லரிச்சி, அரோகரானு கத்தித் தொலைச்சிட்டேங்க. ஓடிப்போச்சி. பாவம், எங்க வீட்டம்மாதான் பாக்கவே இல்ல."

அந்தப் பெண் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். இன்றுவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவருகிறார். நானும் பார்க்காதவளாகவே இருந்துவிட்டேன்.