மாங்கட்டும் ஜீப்பின் முன் சீட்டும்

1. முன் சீட்

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் நில அளவைக் கந்தோரில் நிலமளக்கும் செயின் பிடிக்கிற வேலை எனக்கு. அந்தக் காலத்து அரசர்கள் மான்களை அடைத்து வளர்த்த பெருந்தோட்டங்கள் இந்தப் பக்கம் இருந்தனவா என்று தடயம் தேட, கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்போடு வந்தார். எங்களுக்கு அவர் ‘சேர்’. என்னையும் சலீமையும் உதவிக்குக் கொடுத்தார்கள். சலீம் என் சகலன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மாமி கொடுத்த ஒரே வளவில் எங்கள் இரண்டு வீடும்.

முதல் கிழமை முழுக்க முன் சீட்டில் நான்தான். ஊர்ப்பேர் விசாரிக்க, கதை பிடிக்க என்னை விட்டால் ஆளில்லை. அடுத்து கோமாரிப் பக்கம் போகும்போது உங்களில் ஒருவரை முழுநேர உதவியாளாக வைத்துக்கொள்வேன் என்று சேர் சொல்லியிருந்தார். அது நான்தான் என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

நாவிதன்வெளிப் பக்கம் வயலுக்கு நடுவே, பற்றை மூடிய மண்கட்டு ஒன்று. குளக்கட்டு என்றேன். சலீம் மேலே ஏறி நின்று சுற்றிப் பார்த்தார்.

“சேர், கட்டு மேட்டைச் சுத்திப் போகுது. மேட்டில தண்ணி நிக்குமா? பள்ளமும் உள்பக்கம்தான் கிடக்கு.”

சேருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கோட்டை என்றால் அகழி வெளியே இருக்கும், வருபவனைத் தடுக்க. பள்ளம் உள்ளே, கட்டு வெளியே என்றால், உள்ளே இருப்பது பாய்ந்து போகாமல் இருக்க. அதைத்தான் தேடுகிறோம் என்றார். திரும்பும்போது, “சலீம், முன்னுக்கு ஏறும்” என்றார்.

செயினோடும் கம்புகளோடும் நான் பின்னால். எனக்கு முன்னமே செய்தி வளவுக்குப் போய்விட்டது. அன்று மாமி மீன் தலையைச் சலீம் வீட்டுக்கு அனுப்பினார். அதுவரை அது எங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

2. மாங்கட்டு

பொறாமை ஆளைச் சும்மா இருக்க விடாது. மறுநாள் வயல்காரர் ஒவ்வொருவரிடமும் போய்க் கதைத்தேன். அந்த இடத்தை மாங்கட்டு என்றார்கள். மருந்துக்கும் ஒரு மாமரம் இல்லை. காரைதீவிலிருந்து வந்து வயல் செய்யும் கந்தப்பர் மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தார்.

“மாமரத்துக்கு ஆரு தம்பி கட்டுக் கட்டுவான்? எங்கட அப்பா ‘மான் கட்டு’ எண்டு நிறுத்தித்தான் சொல்லுவார். நாங்க அவசரத்துல மாங்கட்டாக்கிப் போட்டம்.”

ஓடிப்போய்ச் சேரிடம் சொன்னேன். தோண்டிப் பார்க்காமல் முடிவு சொல்ல ஏலாது, ஆனால் பள்ளமும் பேரும் பொருந்துகின்றன என்று என் தோளில் தட்டினார். தட்டிவிட்டு, கோமாரிக்குச் சலீமைக் கூட்டிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் ஜீப் எங்கள் வளவில் வந்து நின்றது. சலீம் இறங்கினார். அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“காக்கா, வெளிக்கிடுங்க. மண்ணைப் பார்த்தா எனக்கு விளங்குது. மனிசரிட்டக் கேட்டா ஒருத்தரும் வாய் திறக்கிறாங்க இல்ல. காக்கா இல்லாம ஏலாது எண்டு சேரிட்ட நான்தான் சொன்னன். ரெண்டு பேரையும் வெச்சுக்கொள்றாராம்.”

நான் நேரே போய் முன் சீட்டில் ஏறினேன். அவர் பின்னால் செயின்மேல் இருந்து முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தார். சீட் போனது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரு மனிதனால் அது எப்படி முடியும் என்று, கோமாரி வரும்வரை அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, கட்டைக் கண்டால் பள்ளம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். என் பொறாமையின் பள்ளம் உள்பக்கம்தான் இருந்தது.