கடைசியாக வரவேண்டியவன்

புதுக்கோட்டையிலிருந்து மீமிசல் கடற்கரைக்குக் குழுவாகச் சைக்கிளில் போனோம். மூத்தவன் என்பதால் கடைசியாக வரும் பொறுப்பு எனக்கு. யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆவுடையார்கோவிலில் டீ குடிக்க நின்றபோது குழுவில் ஓர் இளைஞன் என்னிடம், "என்ன சார், கடலு வத்துறதுக்குள்ள வந்துருவீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னோடு பின்னால் வந்துகொண்டிருந்த நண்பர் சுப்பையா, "நீங்க போங்க சார், நான் மெதுவா வாரேன்" என்றார். அவரை விட்டுவிட்டு வேகமாக மிதித்தேன். முதல் ஆளாகக் கடலைத் தொட்டேன், படமும் எடுத்துக்கொண்டேன்.

சுப்பையா வரவில்லை. திரும்பிப் போய்த் தேடினோம். சாலையோரப் பள்ளத்தில், கருவேலம் புதர் மறைவில், இடுப்பெலும்பு முறிந்து வெயிலில் கிடந்தார்.

மருத்துவமனையில் அவர் கேட்டது ஒன்றுதான். "நீங்கதான் மொதல்ல போனீங்களாமே சார்?"

அவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. இப்போதெல்லாம் நான் கடைசியாகவே வருகிறேன். எனக்கு முன்னால் அவருடைய சைக்கிள் மட்டும் இல்லை.