டர்போ குழாயில் எண்ணெய்

அம்மா இறந்த பிறகு அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. ஜோகுபாளையத்தில் ஒரே வீடு, ஒரே குழம்பு, ஒரே கார். நடுவில் நான். "சாவி எங்கன்னு அவன்கிட்ட கேளு" என்பார் அப்பா. அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருப்பான். கேட்டுச் சொல்வேன். சம்பளமில்லாத தபால்காரி வேலை. ஆரம்பத்தில் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல், கடைசியில் பயம்.

சண்டைக்குக் காரணம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் சிகிச்சை பாக்கி இருக்கும்போதே அப்பா அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். கொஞ்ச நாளில் அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே, "நீங்கதான் கொன்னீங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அப்பா வாயே திறக்கவில்லை. அவர் பதிலுக்குத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. இஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வைத்த பழைய டீசல் கார் அது, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவே வாங்கியது. அவளால் நாலு எட்டு நடக்க முடியாது என்பதால் வாசலை ஒட்டியே நிறுத்துவோம். அவள் போன பிறகு வாசலில் அந்த வண்டியைப் பார்க்க எங்கள் யாருக்கும் தாங்கவில்லை. யார் முதலில் மாற்றினார்களோ, தெருமுனை மேட்டில் நிறுத்துவது பழக்கமாயிற்று. வாரநாளில் அண்ணன் அதை ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் இருக்கும் தன் ஃபேக்டரிக்கு ஓட்டிப்போவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா கல்லறைக்கு எடுத்துப்போவார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் வண்டி நீலப் புகை கக்க ஆரம்பித்தது. மெக்கானிக் ஒரு குழாயைக் கழற்றிக் காட்டினார். காற்று மட்டும் போக வேண்டிய குழாய், உள்ளே கறுப்பாக எண்ணெய்.

"டர்போ சீல் போச்சு சார். இஞ்சினும் தேஞ்சிருக்கும். வித்துடுங்க."

அண்ணனுக்கு அது போதும். விற்றுவிட்டு ஹெப்பகோடியிலேயே அறை பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். "அவ உக்காந்த வண்டி. நான் இருக்கற வரைக்கும் போகாதுன்னு சொல்லு" என்றார் அப்பா. "அவரு ஓட்டற ஓட்டுலதான் டர்போவே போச்சுன்னு சொல்லு" என்றான் அண்ணன். அதை நான் கொண்டுபோகவில்லை. வண்டி போனால் அண்ணனும் போவான், அப்புறம் இந்த ஜென்மத்தில் இரண்டு பேரும் முகம் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

விற்பதற்கு முன் தானே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அண்ணனுக்குத் தோன்றியது. அப்பாமேல் குற்றத்தை நிரூபிக்கத்தான் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிறு, அந்த மேட்டிலேயே பானெட்டைத் திறந்தான். அப்பா கல்லறைக்குப் போக முடியாமல் பக்கத்தில் நின்றார். நான் டார்ச் பிடித்தேன்.

டர்போவின் வாயில் விரல் விட்டு நடுத்தண்டை ஆட்டிப் பார்த்தான். டர்போ தேய்ந்திருந்தால் ஆடும், ஆடவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த வாயின் மேலேயே சும்மா வைத்தான். இஞ்சின் தேய்ந்திருந்தால் உள்ளிருந்து வரும் காற்றில் அது குதிக்குமாம். குதிக்கவில்லை. அண்ணன் முகம் குழம்பிப்போயிற்று.

"அவருகிட்ட சொல்லு. எல்லாம் நல்லாதான் இருக்கு, ஆனா ஆயில் எங்கயோ போவுது. அளவுக் குச்சியில எப்பவும் கம்மியாதான் காட்டுது. வாரா வாரம் ஊத்திட்டே இருக்கேன்."

நான் அப்பா பக்கம் திரும்பினேன். அவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தார், எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நானும் ஊத்துறேன்னு சொல்லு" என்றார்.

அதை யாரிடம் போய்ச் சொல்வது. பிறகு அப்பா தெருவின் சரிவைப் பார்த்தார், அண்ணனும் பார்த்தான். மேட்டில் மூக்கைத் தூக்கி நிற்கும் வண்டியில் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கிவிடும், அளவுக் குச்சி கம்மியாகத்தான் காட்டும். இது இருவருக்கும் தெரியாததல்ல. பேசிக்கொள்கிற வீடாக இருந்தால் இரண்டு பேரும் ஊற்றுவது முதல் வாரமே வெளிப்பட்டிருக்கும்.

இஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியைப் பின்னுக்கு உருட்டி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தோம், தெருவில் சமதரை அங்கேதான். அப்பா ஸ்டீயரிங்கில். அண்ணன் பின்னால் நடந்தபடி, "ரைட்டுல ஒடிக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தான். நான் வாயெடுப்பதற்குள் சக்கரம் சாக்கடை ஓரத்துக்குப் போய்விட்டது.

"அப்பா, பிரேக்கு."

வண்டி நின்றது. கத்தியது நானல்ல, அண்ணன்.

கொஞ்ச நேரம் விட்டு அண்ணன் குச்சியை இழுத்தான். மேல் கோட்டையும் தாண்டி எண்ணெய். அளவுக்கு மீறி ஊற்றியதை இஞ்சின் கலக்கியடித்து, இஞ்சின் மூச்சுவிடும் சிறு குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குள் தள்ளியிருக்கிறது. டர்போ பாவம், வந்ததை வாங்கி முன்னுக்கு அனுப்பியிருக்கிறது. வண்டிக்கு ஒரு கேடும் இல்லை.

அண்ணன் அடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தி, அதிகப்படி எண்ணெயை ஒரு பழைய பேசினில் இறக்கினான். அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். எண்ணெய் நூலாக இறங்கும் சத்தம்கூடக் கேட்டது. அடியிலிருந்தபடியே, முகத்தைக் காட்டாமல், அண்ணன் கேட்டான்.

"ஏன் கூட்டிட்டு வந்தீங்க?"

அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவதான் கேட்டா. வீட்டுல சாகறேன், கூட்டிட்டுப் போங்கன்னா. உங்கிட்ட சொன்னா நீ விடமாட்டேன்னு தெரியும் அவளுக்கு."

அண்ணன் வெளியே வந்தான்.

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"உனக்கு யார் மேலயாவது கோவப்படணும்போல இருந்துச்சு. அவ மேல படவேணாம்னு பாத்தேன்."

அண்ணன் எண்ணெய்க் கையோடு அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். பூசைக்குப் போய்வந்த வெள்ளை வேட்டி பாழாகிவிட்டது. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை.