வெளியே சென்று பேசவும்

'செல்போனில் பேசுபவர்கள் வெளியே சென்று பேசவும்' என்று கூடத்தின் சுவரில் எழுதியிருந்தது. எழுதியவருக்கு நடக்கக் கால் இருக்கிறது.

கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசில், பேட்டரி சக்கர நாற்காலி கேட்டு மனு கொடுக்கக் காத்திருந்தேன். வடக்கனந்தலிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டாள். அண்ணி என்னை வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கேயும் நகரவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

"அண்ணி உன்ன நல்லா பாத்துக்குதாடி?" என்றாள் அக்கா. அவள் போனில் பேசினால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்.

"நல்லா பாத்துக்கறாங்கக்கா."

ஆறு வருஷமாக அண்ணன் வீட்டில் இருக்கிறேன். ஆறு வருஷமாக இதே பதில்தான்.

நான் போனை வைத்ததும் அண்ணியின் போன் அடித்தது. நாற்காலிக்கு பிரேக் போட்டுவிட்டு, மதில் வரைக்கும் நடந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தபடியே பேசினார். பேசட்டும். நடக்க முடிந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன்.

உள்ளே மனுவை வாங்கியவர் தன்மையாகத்தான் கேட்டார். "தள்றதுக்குத்தான் வூட்டு ஆளு இருக்காங்களே, பேட்டரி வண்டி இன்னாத்துக்கும்மா?"

அண்ணி கைப்பிடியை இறுக்குவது என் முதுகில் தெரிந்தது.

"தள்ளிக்கினு வர்றது அவங்களுக்கு செரமமா இருக்குதுங்க" என்றேன்.