முதல்தர ரத்தம் ஏறிய முழங்கால்

முழந்தாளிடுவதற்கு முன் மாணிக்கராஜ் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வார். ஆண்டவர் பார்க்கிறாரா என்றல்ல, ஜெஸ்டின் பார்க்கிறானா என்று. பிறகு கோவிலில் உட்காரும் வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு வலது முழங்காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறக்குவார். ‘டக்’ என்று சத்தம் கேட்கும். உடனே இருமுவார். அந்த இருமலுக்கும் நெஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்பது கோவிலில் எல்லோருக்கும் தெரியும்.

பதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், பெரிய வெள்ளியன்று சிலுவையைச் சுமந்து மலையேறுவது இருபத்தாறு வருடமாக அவர்தான். சிலுவைப்பாதையில் நின்று ஜெபிக்கப் பதினான்கு நிலை, பதினான்கு முழந்தாள். முழந்தாளிட முடியாதவன் சிலுவையைத் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம். அதை இயற்றியவரும் மாணிக்கராஜ்தான். தமக்கு முன் சுமந்தவரை இறக்குவதற்காக. இப்போது அந்தச் சட்டத்தை, அடுத்துச் சுமக்கக் காத்திருக்கும் ஜெஸ்டின் மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

“நான் ஒண்ணும் ஆசப்படல மாமா. சட்டம்னு ஒண்ணு இருக்குதானே?”

ஆகவே தை மாதம் மாணிக்கராஜ் பதுளை டவுனில் ஒரு டொக்டரிடம் போனார். முட்டிச் சவ்வு தேய்ந்துவிட்டது, உங்கள் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றிப் பிரித்து, முட்டிக்குள் ஊசியாகப் போட்டுப் பார்க்கலாம் என்றார் டொக்டர். ரத்தத்தின் தரத்தை உயர்த்துவதற்காக மாணிக்கராஜ் ஒரு வாரம் பண்டாரவளை பீட்ரூட்டாகவே தின்றார்.

சுற்றி முடித்த குழாயில் கீழே சிவப்பு, மேலே வெளிறிய மஞ்சள். டொக்டர் மஞ்சளை உறிஞ்சினார். தேயிலை ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் தூள் சலித்துத் தரம் பிரித்த மனிதருக்குப் பொறுக்குமா?

“ஐயா, மாத்தி எடுக்கிறீங்க. நல்ல சாயம் கீழ நிக்குதுங்க.”

“முட்டிக்கு வேண்டியது இதிலதான் இருக்கு. சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. மூணு மாசம் பாப்போம்.”

இவ்வளவில் ஒரே ஒரு சொல்லைத்தான் மாணிக்கராஜ் பஸ் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்: “கேக்கும்.”

மனைவி பிரான்சிஸ்காவுக்கு மருத்துவத்தில் ஒரு சந்தேகம். “ஒங்க ரத்தந்தானே? ஏற்கனவே ஒங்க ஒடம்புலதானே ஓடிக்கிட்டு இருந்துச்சு? அப்ப பாக்காத வேலைய இப்ப பாக்குமா?”

“அது சலிக்காத ரத்தம்டீ.”

அன்றிலிருந்து அந்த முழங்கால் பொதுச்சொத்தாயிற்று. தோட்டத்து வரிசை வீடுகளான ஆறு லயத்து முட்டிவலிக்காரர்களும் வந்து விசாரித்தார்கள். இருபது வயதுக் கால் என்று அவர்களிடம் சொல்லிவிட்ட பிறகு நொண்ட முடியுமா? பாதையில் நிமிர்ந்து நடப்பார். வாசல் தாண்டியதும் சுவரைப் பிடிப்பார். “வெளிய இருவது, உள்ள எம்பது” என்று பிரான்சிஸ்கா சுடுதண்ணி ஒத்தடம் கொடுப்பாள்.

பெரிய வெள்ளி வந்தது. மாணிக்கராஜ் முன்னால், ஜெபப் புத்தகத்தோடு ஜெஸ்டின் ஓரடி பின்னால். மூன்றாவது நிலையில் இருமல். ஏழாவதில் பெரிய இருமல். பதின்மூன்றாவதில், சனம் அவருக்காக முன்கூட்டியே இருமி வைத்தது.

உச்சியில் பதினான்காவது நிலை. சிலுவையைப் பாறையில் சாய்த்துவிட்டு முழந்தாளிட்டார். ஜெபம் முடிந்தது. எல்லோரும் எழுந்தார்கள். மாணிக்கராஜ் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். முதலில் பக்தி என்று நினைத்தோம். அதற்கும் ஓர் அளவு உண்டல்லவா?

ஜெஸ்டின் குனிந்தான். “மாமா, தூக்கிவிடவா?” ரகசியம்தான், ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

மாணிக்கராஜ் கண் திறந்தார். “முட்டி போடுடா மகனே. ஆசீர்வாதம் வாங்கிக்க.”

அத்தனை பேர் பார்க்க, அவன் மறுக்க முடியுமா? முழந்தாளிட்டான். மாணிக்கராஜ் இரண்டு உள்ளங்கைகளையும் அவன் உச்சந்தலையில் பதித்தார். பிறகு தம் முழுப் பாரத்தையும் அங்கே இறக்கி, மெதுவாக, மிக மெதுவாக, எழுந்து நின்றார்.